தண்ணீர் குடிக்கும் ஓடு

ஆகஸ்ட் 18, திங்கள்

வெயில். இன்று மாலை எங்கள் தெரு ஒரு முடிவெடுத்தது. பிற்கால ஆய்வாளர்களுக்குப் பயன்படக்கூடும் என்பதால் முழுமையாகப் பதிகிறேன்: ஓடு செங்காவி நிறம்.

சாம்பல் நிறத்துக்கு ஆதரவு ஒரே ஒருவர். குடியிருப்போர் சங்கத் தலைவர் அனந்தராமன், ஓய்வு பெற்ற வங்கி மேலாளர். பச்சைக்கு இருவர், திட்டத்தின் பெயரில் ‘பசுமை’ இருக்கிறது என்ற காரணத்தால். மற்ற எல்லாரும் செங்காவி. காரணத்தை எழுந்து சொன்னவள் என் மனைவி விசாலம்.

“சாம்பல்ல கோலம் எடுக்காது. சிவப்புல போட்டா பளிச்னு இருக்கும். இதுல பேசறதுக்கு ஒண்ணும் இல்லையாக்கும்.”

பேசவில்லை. நான் செயலாளர். தீர்மானம் எழுதினேன். எல்லாரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். பிறகு காபி, ரவா கேசரி.

திட்டம் என்னவென்று எனக்கே ஒரு முறை:

– வலியசாலையில் எங்கள் தெருவின் பழைய கான்கிரீட்டைப் பெயர்ப்பது.
– பதிலாக நுண்துளை ஓடு, கீழே ஜல்லி. மழைநீர் ஓட்டின் வழியே மண்ணுக்குள் இறங்கும்.
– இரு ஓரத்திலும் மழைக்குழிகள். அவற்றில் மரம், கல்வாழை, வெட்டிவேர்.
– ஆண்டுதோறும் தெருவின் கீழ்க்கோடியில் ரமணி வீட்டுக்குள் தண்ணீர் புகுவதை நிறுத்துவது.

கடைசி வரி எந்த அறிக்கையிலும் இல்லை. திட்டத்துக்கு நான் ஒப்புக்கொண்டது அதற்காக மட்டும்.

ஆகஸ்ட் 21, வியாழன்

மாலை நடை, ரமணியுடன், ஆரியசாலை முக்கு வரை. அங்கே அவனுக்கு அப்பளம், வடாம் மொத்தக் கடை. சரக்கில் பாதி வீட்டு முன்கட்டில். பள்ளிக்கூடத்திலிருந்து எனக்கு அவனைத் தெரியும். அவன் என்னைப் பெயர் சொல்லி அழைப்பதை நிறுத்திப் பல வருடம். பிப்ரவரியில் இதய அறுவை. நடை மெதுவாகிவிட்டது, வாய் ஆகவில்லை.

“செகரட்டரி, பையன் கழக்கூட்டத்துல ஃப்ளாட் பாத்திருக்கான். ஒம்பதாவது மாடி.”

“போறியா?”

“போகலை. சரசாவும் போகலைங்கறா. ஆனா பையன்கிட்ட ஒரு வாக்கு குடுத்துட்டேன். இந்த துலாவர்ஷத்துல ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, உள்ள வெள்ளம் ஏறினா மதி, அது போதும். பின்னே ஆத்தை வித்துட்டு போயாச்சு. டாக்டரும் பறஞ்சிருக்கார், சாக்கைத் தூக்கப்படாது, பதறப்படாதுன்னு.”

“ஒன்பதாவது மாடியில் அப்பளம் நன்றாகக் காயும்” என்றேன்.

“காயும். சாயங்காலம் யார்கூட சண்டை போடறது?”

துலாவர்ஷம், அதாவது ஐப்பசி மழை, அக்டோபர் நடுவில் தொடங்கும். பால் பாக்கெட் வாங்க மறந்தேன்.

செப்டம்பர் 2, செவ்வாய்

தூறல். கான்கிரீட் பெயர்ப்பு. தெரு முழுக்கத் தூசி. எல்லார் வீட்டுப் பாத்திரத்திலும் சிமெண்ட் ருசி.

மரம் பற்றிய விவாதம் முடிந்தது. ஒவ்வொரு வீடும் மரத்தை மனமார ஆதரிக்கிறது, எதிர்வீட்டு வாசலில். நிழல் இந்தப்பக்கம் வரும், சருகு அந்தப்பக்கமே விழும். நிராகரிக்கப்பட்டவை: முருங்கை (பேய்), நாவல் (கறை), அத்தி (வௌவால்), பூவரசு (கம்பளிப்பூச்சி). ஏற்கப்பட்டவை: புங்கம், இலஞ்சி என்கிற மகிழம். இலஞ்சிப் பூ கோயிலுக்கு ஆகும் என்பதால் அதன் சருகு மன்னிக்கப்பட்டது. சுவாமி புறப்பாட்டின்போது குடையில் கிளை இடிக்கக்கூடாது என்று தனித் தீர்மானம். கன்றுகளின் இன்றைய உயரம் என் முழங்கால்.

திட்ட இன்ஜினியர் ஷீபா. சின்னப் பெண், கொல்லம் பக்கம். காலில் பெரிய பூட்ஸ். ஓடு ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு என்னையும் அனந்தராமனையும் கேட்டாள்:

“சாரே, இவிடே தினமும் எந்தெங்கிலும் வீழுமோ? மண்ணு, சிமெண்ட், எண்ணெய், அங்ஙனே?” தினமும் தரையில் ஏதாவது விழுமா என்று மலையாளத்தில் கேள்வி.

“சருகு” என்றேன்.

“பேப்பர்” என்றார் அனந்தராமன். “பேப்பர்காரன் கேட்டைத் தாண்டி எறியறதில்லை.”

எழுதிக்கொண்டாள்.

செப்டம்பர் 13, சனி

வேலை முடிந்தது. தெரு சிவப்பாக, நேராக, யாருடைய தெருவோ போல.

சோதனைக்காக லாரியில் தண்ணீர் கொண்டுவந்து மேல்கோடியில் கொட்டினார்கள். எல்லாரும் வாசலில். தண்ணீர் நாலு வீடு தாண்டுவதற்குள் காணாமல் போயிற்று. ரமணி வீட்டு வாசலுக்கு ஒரு சொட்டு வரவில்லை. அவன் மனைவி சரசா கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள்.

“வெள்ளம் குடிக்கற ஓடு, கேட்டேளா. இத்தனை நாள் என்ன தாகமோ அதுக்கு.”

ரமணி என்னைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தான். அவன் அறிந்த அதிகபட்சப் பாராட்டு இதுதான்.

செப்டம்பர் 14, ஞாயிறு

காலை எழுந்து பார்த்தால் தெரு நிறையக் கோலம். சாணி தெளித்து, அரைத்த அரிசிமாவில் இழை இழுத்து, ஓரத்தில் காவி கட்டி. பழைய கான்கிரீட்டில் வாசல் அளவுக்குப் போட்டவர்கள் இப்போது நடுத்தெரு வரை. சிவப்பில் வெள்ளை நன்றாகத்தான் எடுக்கிறது. விசாலம் சொன்னது சரி. அவளிடம் சொல்லவில்லை.

செப்டம்பர் 25, வியாழன்

நவராத்திரி. நாலு வீட்டுச் சுண்டல், வயிறு சரியில்லை.

கோலம் போட்டியாகிவிட்டது. முதல் நாள் கோலம் அழியாமல் நிற்கிறது, அதன்மேல் மறுநாள் கோலம். மழைக்குழியில் கல்வாழை பூத்தது. அதைச் சுற்றியும் ஒரு கோலம். வார்டு கவுன்சிலர் வந்து போட்டோ எடுத்துப் போனார். யாரோ வெளியூர்க் குழு ‘மாதிரித் தெரு’க்களைப் பார்க்க வரப்போகிறதாம்.

அக்டோபர் 4, சனி

பகல் மூன்றுக்குமேல் இடியோடு மழை. பெரிய மழை இல்லை.

தண்ணீர் இறங்கவில்லை.

முதலில் நம்பவில்லை. குடையோடு போய்ப் பார்த்தேன். மேல்கோடியிலிருந்து வழுக்கிக்கொண்டு ஓடி, கீழ்க்கோடியில் கூடி நின்றது. ரமணி வீட்டுக்கு மூன்று படி. இரண்டு முங்கியது. அவன் மூன்றாவது படியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான்.

“குடிச்சு வயிறு ரொம்பிடுத்து போலிருக்கு, செகரட்டரி.”

மழை விட்டது. வீட்டுக்கு வந்து ஷீபாவுக்கு போன். சாப்பிடவில்லை. சுண்டல் காரணமில்லை.

அக்டோபர் 6, திங்கள்

ஷீபா வந்தாள். குடிக்க வைத்திருந்த பாட்டிலைத் திறந்து எங்கள் வாசலில் ஊற்றினாள். தட்டில் ஊற்றினதுபோல் நின்றது. குனிந்து நகத்தால் சுரண்டினாள். வெள்ளையாக, பொருக்காக வந்தது. முகர்ந்து பார்த்தாள்.

“இது பொடியல்ல, சாரே. பசையாணு. எந்தா இது?”

“அரிசிமாவு.”

“இதோ?” பச்சையாக ஒன்று.

“சாணி.”

நிமிர்ந்து தெருவை ஒரு முறை மேலும் கீழும் பார்த்தாள். எல்லா வாசலையும்.

“ஞான் அந்நு சோதிச்சதல்லே, தினமும் எந்தெங்கிலும் வீழுமோன்னு?”

அன்றே கேட்டாள்தான். எங்களில் யாருக்கும் தோன்றவில்லை. தினமும் மூச்சு விடுகிறீர்களா என்று கேட்டிருந்தால் அதையும் சொல்ல மறந்திருப்போம்.

அவள் சொன்னதன் சுருக்கம்: மெஷின் வைத்து அழுத்தத்தில் கழுவினால் துளை திறக்கும். அதற்கு மெஷின் கிடைக்க வேண்டும், தேதி பார்த்துச் சொல்கிறேன். பிறகு மழைக்காலம் முடியும்வரை தரையில் மாவும் சாணியும் கூடாது. போட்டால் ஒரு வாரத்தில் பழையபடி.

அக்டோபர் 7, செவ்வாய்

அவசரக் கூட்டம். வானம் மூட்டம். நான் விஷயத்தைச் சொன்னேன். எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள்.

முன்வைக்கப்பட்ட தீர்வுகள்:

– அரிசிமாவுக்குப் பதில் கல்மாவு.
– சுண்ணாம்பு.
– பெயின்டால் நிரந்தரமாக வரைந்துவிடுவது.
– பிளாஸ்டிக் ஸ்டிக்கர் கோலம்.

நான்கும் ஓட்டுத் துளையை இன்னும் திறமையாக அடைக்கக்கூடியவை. பலகையில் போட்டு வாசலில் வைக்கலாம் என்று நான் சொன்னேன்.

விசாலம்: “லக்ஷ்மி என்ன, பஸ் ஏறற மாதிரி பலகையில கால் வெச்சு ஏறி வருவாளா?”

மூன்றாம் வீட்டு ஜெயா மாமி: “கோலம் இல்லாத வாசல்னா அதுக்கு அர்த்தம் ஒண்ணுதான், அண்ணா. ஒரு நாள் போடாம இருந்து பாருங்கோ. ஆருக்கு என்ன ஆச்சுன்னு தெருவே செருப்பைக் கழட்டிட்டு வந்து நிக்கும்.”

அனந்தராமன்: “எல்லா ஆத்துலயும் ஒரே நாள்ல நிறுத்தினா?”

“அப்போ தெருவுக்கே தீட்டா?” என்றாள் மாமி.

முடிவு: துணைக்குழு. உறுப்பினர்கள் மூவர். மூவரும் ஆண்கள். ஒருவரும் தன் வாழ்நாளில் கோலம் போட்டதில்லை.

ரமணி கூட்டத்துக்கு வரவில்லை.

அக்டோபர் 8, புதன்

விசாலத்திடம் தனியாகப் பேசினேன். தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள்.

“நம்மாத்துல நீ நிறுத்தினா மத்தவா நிறுத்துவா.”

“நான் எதுக்கு முதல்ல? முங்கறது சரசாவோட ஆம். அவ நிறுத்தட்டும், அடுத்த நாள் நான் நிறுத்தறேன். சத்தியமா.”

நியாயமாகப் பட்டது.

அக்டோபர் 9, வியாழன்

சரசாவிடம் போனேன். முன்கட்டில் அப்பளக் கட்டுகள், செங்கல் வைத்து உயர்த்தியிருந்தார்கள். சொல்லி முடிக்கும்வரை கேட்டாள். காபி கொடுத்தாள். பிறகு எதிரில் உட்கார்ந்தாள்.

“அண்ணா, பிப்ரவரியில இவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன அன்னிக்குக்கூட நான் வாசல்ல போட்டுட்டாக்கும் ஆம்புலன்ஸ்ல ஏறினேன். டிரைவர் கத்தினான். பரவாயில்லைன்னு போட்டேன். அங்க நெஞ்சைத் தொறந்து வெச்சிருக்கா, இங்க வாசல் மூளியா இருக்கணுமா? அன்னிலேர்ந்து ஒரு நாள் விடலை. இப்போ நான் விட்டுட்டு, நாளைக்கு இவருக்கு ஒண்ணுன்னா… ஓடு, துளை, இன்ஜினியர்னு என் மனசுக்கு யாரு சொல்லி மனசிலாக்கறது?”

உள்ளேயிருந்து ரமணி குரல்.

“செகரட்டரி, என் உசுரு ஓட்டுத் துளையில இருக்கா, கோலப் புள்ளியில இருக்கா? கமிட்டி கூடி ஒரு தீர்மானம் போட்டுடேன்.”

சிரித்தோம், மூவரும். வெளியே வந்தால் அவள் வாசல் கோலம், தெருவிலேயே பெரியது. சுவாமி புறப்பாடு திரும்புகிற இடம் அது. இழைகள் அத்தனை நேர்த்தி. மிதிக்காமல் சுற்றி நடந்தேன். பழக்கம்.

அக்டோபர் 16, வியாழன்

யெல்லோ அலர்ட். துலாவர்ஷம் வந்துவிட்டதாக டிவியில். பகலெல்லாம் புழுக்கம், மூன்று மணிக்கு கிழக்கே கறுப்பு, இடி. மழை பொன்முடி மலைப் பக்கமே பெய்து ஓய்ந்தது. நாள்தோறும் இப்படி. நான் சாப்பிட்டுவிட்டு மொட்டைமாடியில். ரமணியும் அவன் மாடியில். இருவரும் கையசைத்துக்கொள்வதில்லை, வானத்தைத்தான் பார்க்கிறோம்.

துணைக்குழு அறிக்கை: மேலும் அவகாசம் தேவை.

அக்டோபர் 19, ஞாயிறு

மெஷின் கிடைத்தது. ஷீபா விடுமுறையிலும் வந்து நின்றாள். காலையிலிருந்து கழுவல். சாக்கடையில் பால்போல் ஓடியது. மதியம் பாட்டில் தண்ணீர் ஊற்றினோம். சட்டென்று இறங்கிற்று. ஷீபா என்னிடம், தமிழில், ஒவ்வொரு சொல்லாக: “சார். நாளைக்கு. ஒண்ணும். போடக் கூடாது.”

வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். எல்லாரும் தலையாட்டினார்கள். ஜெயா மாமி மட்டும் வாய்விட்டுச் சொன்னாள்: “நாளைக்குத் தீபாவளியாச்சே, அண்ணா.”

தெரிந்த செய்திதான். கழுவத் தேதி கொடுத்தபோது எனக்கும் தெரியும். வேறு தேதியில் மெஷின் இல்லை.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. கழுவிய தெரு கண்ணாடிபோல் இருக்கிறது, இப்படி ஒரு தரை இனிக் கிடைக்காது என்று ஒவ்வொருவரும் தனித்தனியாக முடிவு செய்திருக்கிறார்கள். எங்கள் வாசலில் விசாலம் போட்டது தேர்க்கோலம்.

“சரசா போட்டுட்டா” என்றாள், நான் கேட்பதற்கு முன்பே.

சரசாவிடம் கேட்டால் விசாலம் பெயர் வரும். கேட்கவில்லை.

அக்டோபர் 22, புதன்

ஆரஞ்சு அலர்ட். காலையில் வெளியூர்க் குழு. கவுன்சிலர் நேற்றே எல்லாரிடமும் சொல்லிவைத்திருந்தார்: “கோலம் நல்லோணம் வேணும் கேட்டோ, போட்டோவுக்கு.” நன்றாகவே இருந்தது. மூன்று நாள் மாவு, ஒன்றன்மேல் ஒன்று. குழுத் தலைவர் குனிந்து படம் எடுத்து, மரபும் சூழலும் கைகோத்த இடம் என்றார். சங்கத்துக்குக் கண்ணாடி போட்ட சான்றிதழ். அனந்தராமன் கண் கலங்கினார். ஷீபா குழுவோடு வந்து ஓரமாக நின்றாள். தரையைப் பார்த்தாள், பிறகு கிழக்கே பார்த்தாள். குழு பதினொன்றரைக்குக் கிளம்பியது.

இரண்டு மணிக்கு இருட்டு. பிறகு மழை. எழுத வரவில்லை, மீதி நாளை.

அக்டோபர் 23, வியாழன்

நேற்று. வரிசையாக.

மழை தொடங்கியதும் ஓடினேன். கீழ்க்கோடியில் ஏற்கனவே ஒரு படி முங்கல். சரசா முன்கட்டிலிருந்து கட்டுகளை உள்ளே எடுத்துக்கொண்டிருந்தாள். நானும் அனந்தராமனும் சேர்ந்தோம். விசாலமும் வந்தாள், புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு. இரண்டாம் படி. மணல் மூட்டை வைத்தோம். மூன்றாம் படியும் முங்கி, மூட்டைக்கு அடியில் தண்ணீர் உள்ளே வந்தது. ரமணியை நாற்காலியில் உட்காரச் சொல்லிவிட்டு மெயின் சுவிட்சை அணைத்தேன்.

திரும்பினால் நாற்காலி காலி. ஃபிரிட்ஜை ஒரு பக்கமாகத் தூக்கிப் பிடித்திருந்தான், அடியில் செங்கல் தள்ள.

“விடுடா.”

“ஒரு கை பிடி, செகரட்டரி, அப்பறம் திட்டலாம்.”

பிடித்தேன். வைத்தோம். அவன் சுவரில் சாய்ந்தான். முகம் வெளுத்து, நெற்றியெல்லாம் வேர்வை, கை நெஞ்சில். பேசவில்லை. ரமணி பேசாமல் இருந்து நான் பார்த்ததில்லை.

போனில் ஆட்டோக்காரன், தெருவுக்குள் வண்டி வராது என்றான். முட்டளவு தண்ணீர். நானும் அனந்தராமனும் நாற்காலியோடு தூக்கினோம். சரசா குடை பிடித்துக்கொண்டு பின்னால், மந்திரம்போல் ஏதோ முணுமுணுத்துக்கொண்டு. விசாலம் முன்னால், தண்ணீரில் காலால் தடவித் தடவி மழைக்குழி எங்கே என்று பார்த்துச் சொல்லிக்கொண்டு. மேல்கோடி வரை. தண்ணீர் மேலெல்லாம் வெள்ளை நுரை.

ஆஸ்பத்திரியில் இ.சி.ஜி. சரியாக இருக்கிறது. களைப்பு, பதற்றம் என்றார்கள். ஓர் இரவு வைத்துக்கொள்கிறோம் என்றார்கள். ரமணி கண் திறந்து முதலில் கேட்டது ஃபிரிட்ஜ் நனைந்ததா என்று.

சரசா வெளியே பெஞ்சில். ஈரப் புடவை. பையனுக்கு போன் பேசினாள். ஒரே ஒரு சொல் கேட்டது எனக்கு: “மதி.” போதும்.

இன்று காலை தண்ணீர் வடிந்ததும் எல்லா வாசலிலும் கோலம். விசாலம் போட்டது சின்னது, வழக்கத்தில் கால்வாசி. என்னைப் பார்க்காமல் உள்ளே போனாள்.

அக்டோபர் 27, திங்கள்

ரமணி வீட்டை வாங்குகிறவர் வந்து பார்த்தார். ஆரியசாலைப் பாத்திரக்கடைக்காரர், கிடங்குக்காக. தண்ணீர் வருமே என்றேன், கெடுத்துவிடும் நோக்கத்தோடு. எவர்சில்வருக்கு என்ன என்றார்.

நவம்பர் 2, ஞாயிறு

வெயில், மழைக்கு நடுவில் ஒரு நாள். லாரி.

சரசா காலையில் கடைசியாக ஒரு கோலம் போட்டிருந்தாள், முழு அளவில், காவியோடு. சுமைக்காரர்கள் முதலில் சுற்றிச் சுற்றி நடந்தார்கள். கட்டில் வந்தபோது முடியவில்லை, மிதித்துப் போனார்கள்.

விசாலம் ஒரு தூக்கில் ரசமும் கத்திரிக்காய்க் கறியும் கொடுத்தாள். இரண்டு பேரும் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஓடு, துளை பற்றி ஒருவரும் பேசவில்லை.

ரமணி காரில் ஏறி, கண்ணாடியை இறக்கி: “சாயங்காலம் நடக்கறதை விட்டுடாதே. சுகர் ஏறும்.”

“ஒன்பதாவது மாடியில் லிஃப்ட் நின்றால் போன் பண்ணு” என்றேன்.

மாலை நடை: போகவில்லை.

நவம்பர் 8, சனி

இரண்டாம் முறை மெஷின் கழுவல், தெரு முழுதும். ஷீபாவுக்கு இடமாற்றம் வந்திருக்கிறது. அதற்கு முன் வேலையை முடித்துக்கொடுத்துவிட வேண்டும் என்றாள். ரமணி வீடு பூட்டியிருந்தது. அந்த வாசலையும் கழுவினார்கள். துணைக்குழு கலைக்கப்பட்டது, நன்றித் தீர்மானத்துடன்.

நவம்பர் 9, ஞாயிறு

எல்லா வாசலிலும் கோலம். ரமணியின் பூட்டிய வாசலில் மட்டும் இல்லை. பாத்திரக்கடைக்காரர் தை பிறந்துதான் சரக்கு இறக்குவாராம்.

நவம்பர் 19, புதன்

பிற்பகல் கனமழை. மழை விட்டுக் கொஞ்ச நேரத்தில் பூட்டிய வீட்டு வாசல் காய்ந்துவிட்டது. மற்ற வாசல்களில் தண்ணீர் நிற்கிறது.